ஓய்வுநாள் கேள்வி

முதல் வாசகம் முடிந்தும் கஸ்பாரின் உள்ளங்காலில் ஐஸ் கம்பெனியின் குளிர் அப்படியேதான் இருந்தது. இரவெல்லாம் உப்புத்தண்ணீர்த் தொட்டியின் மேல் பலகைகளில் நடந்த கால்கள், செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வந்து தரையில் ஊன்றியும், வேறு யாருடையவோ போல மரத்துக் கிடந்தன. நெஞ்சுக்குள் மட்டும் நல்ல சூடு. பதினோரு வருஷத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் இப்படிச் சூடேறி உட்கார்ந்ததில்லை. நாலு வரிசைக்கு முன்னால், கமிட்டிக்காரர்கள் இருக்கும் பெஞ்சில், மச்சான் தஸ்நேவிஸின் பிடரி தெரிந்தது. பெண்சாதி பிரகாசியின் கூடப்பிறந்த அண்ணன், ஊர்க்கமிட்டித் தலைவர், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைக்கு மேலே ஈரம் காயாத முடி. குளித்துவிட்டு வந்திருக்கிறார் என்று ஊர் நினைக்கும். குளித்ததும் உண்மைதான், எதைக் கழுவக் குளித்தார் என்று இந்தக் கோயிலுக்குள் தெரிந்தவன் ஒருத்தன். விடியற்காலை, ஆறு மணிக்குக் கால் மணி நேரம் இருந்தது, வேலை முடியப்போகிற நேரம், கஸ்பார் ஐஸ் கம்பெனிப் பின்வாசலில் நின்று பீடி பற்ற வைத்தான், கடல் வெளுக்கத் தொடங்கியிருந்தது, மோட்டாரை அணைத்துவிட்டு ஒரு நீல வள்ளம் சத்தமில்லாமல் கரையேறிற்று. தஸ்நேவிஸும் மகன் ரொமால்டும் மட்டும். தொடைவரை நனைந்த கைலி. ஈர வலையை வள்ளத்துக்குள் ஒதுக்கிப் போட்டு மேலே தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். ஞாயிற்றுக்கிழமை, கடலில் வள்ளம், கண்டேன். பீடி விரலைச் சுட்டபோதுதான் அதைக் கையில் வைத்திருப்பதே நினைவு வந்தது. கண்டேன். அந்தச் சொல்லை வாய்க்குள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்தான், பல்லில் படாமல் நாக்கு மட்டும் சொன்னது, அப்புறம் டீக்கடைக்குப் போகிற வழியெல்லாம் சொன்னான், சட்டை மாற்றும்போது சொன்னான், இப்போது பதிலுரைப் பாடலுக்கு எல்லாரும் வாய் திறக்கும்போது அவனும் திறந்து அதையே சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் திரிகால மணி அடித்ததிலிருந்து ஞாயிறு சாயங்கால மணி அடிக்கிறவரை இந்த ஊரில் எந்த வள்ளமும் தண்ணீரில் இறங்கக்கூடாது. இறங்கினால் நாற்பது நாள் கவிழ்ப்பு, கொடிமரத்துக்கு எதிர்மணலில் வள்ளத்தைக் குப்புறக் கவிழ்த்துப் போடுவார்கள், நாற்பது நாளும் அதன் சொந்தக்காரன் கோயிலுக்கு வரும்போதும் போகும்போதும் அதன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். நன்மை அப்பம் கொடுத்து முடிந்து, கடைசி ஆசீருக்கு முன்னால், கமிட்டித் தலைவர் மைக்கில் வந்து ஒரே ஒரு தடவை கேட்பார், இந்த ஓய்வுநாளில் கடலில் வள்ளம் கண்டவர் உண்டா என்று. பாதிப் பேர் அப்போது வீட்டில் அடுப்பில் ஏற்றிவிட்டு வந்த கறியை நினைத்துக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் வாசலுக்கு நழுவிக்கொண்டிருப்பார்கள், தொண்டையைச் செருமுவது மாதிரி அது ஒரு சடங்குக் கேள்வி, பதில் வராது. பதில் வந்தால் அது ஒரு சொல்லாகத்தான் வர வேண்டும். கேள்விப்பட்டேன் செல்லாது, சொன்னார்கள் செல்லாது, கண்டேன் என்று எழுந்து நிற்க வேண்டும். கடைசியாக அந்தச் சொல் இந்தக் கோயிலில் கேட்டுப் பதினோரு வருஷம். சொன்னவர் இதே தஸ்நேவிஸ். கண்டேன், கஸ்பாரின் வள்ளம். அந்தக் குரல் கரகரப்பே இல்லாமல், விறகுக்கடையில் எடை சொல்வது மாதிரி இருந்தது. அவனும் அப்படித்தான் சொல்ல வேண்டும், கோபம் தெரியக்கூடாது, எடை சொல்வது மாதிரி.

அல்லேலூயாவுக்கு எழுந்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற தொம்மை, வலை பொத்துகிற ஆள், அறுபதைத் தாண்டியவர், முழங்கையால் இடித்தார். "என்னப்பா கஸ்பாரு, கண்ணு செவந்து கெடக்கு. ராத்திரி முழுக்க ஐஸா, இல்ல வேற எதுவும் கலந்துக்கிட்டியா?" "வெறும் ஐஸ்தான்." "வெறும் ஐஸு கண்ணுல ஏறாதே." சாமியார் நற்செய்தி வாசித்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது, ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை, உள்ளே அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமை முழுசாக உட்கார்ந்திருந்தது. வலை. எல்லாம் அந்த வலையால். சனிக்கிழமை மத்தியானம் விரித்துவிட்டு வந்த வலை, ராத்திரி கச்சான் காற்று எழும்பி நங்கூரக் கயிறு அறுந்து தெற்கே இழுபட்டுக்கொண்டு போகிறது, அப்படியே விட்டால் கடலடிப் பாறைப் பாரில் சிக்கிக் கந்தலாகிவிடும், விடியுமுன் போய் இழுத்து வந்தான். மீன் கிடையாது, ஒரு சாளை கிடையாது, இருந்த இரண்டு நண்டையும் கடலிலேயே உதறினான். கரையில் வலையை மடித்துப் போட ஒரு முனையைப் பிடித்தவரே தஸ்நேவிஸ்தான். வெறும் வலை என்று கையால் தொட்டுத் தெரிந்த ஆள். அந்தக் கை காய்ந்திருக்குமோ என்னவோ, இரண்டு மணி நேரத்தில் கோயிலில் எழுந்து நின்று கண்டேன் என்றார். ஏன் போனான் என்று யாரும் கேட்கவில்லை, அவர் சொல்லவுமில்லை. அப்போதுதான் கமிட்டிக்கு வந்திருந்தார், சொந்தக்காரன் என்றும் பார்க்காத ஆள் என்று பெயர் எடுக்க வேண்டியிருந்தது. பெயர் எடுத்தார். அன்றைக்கு மகள் எஸ்கலின் முதன்முதலாக நன்மை வாங்குகிற புதுநன்மை. வெள்ளை உடுப்பு, தலையில் பூக்கிரீடம், கையில் ரிப்பன் கட்டிய மெழுகுதிரி. பெயர் சொல்லப்பட்டவன் உடனே எழுந்து வெளியே போய்க் கொடிமரத்தடியில் நிற்க வேண்டும், கூட்டம் கலைகிறவரை. நின்றான். அங்கேயிருந்து பார்த்தான், கோயில் படியில் போட்டோ எடுத்தார்கள், ஒவ்வொரு பிள்ளையும் தாயோடும் தகப்பனோடும். எஸ்கலினின் முறை வந்தது. ஒரு பக்கம் பிரகாசி. இன்னொரு பக்கம் வெறுமையாக இருந்தால் நன்றாக இருக்காது என்று போட்டோக்காரன் சொல்லியிருப்பான், தாய்மாமன் போய் நின்றுகொண்டார். அந்தப் படம் இப்போதும் வீட்டில் தொங்குகிறது. தூத்துக்குடியில் நர்ஸ் படிக்கிற பெண் லீவுக்கு வந்தால் அதைத் துடைத்து மாட்டுகிறாள். தகப்பன் இடத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறவரைப் பதினோரு வருஷமாகச் சோறு தின்னும்போதெல்லாம் பார்க்கிறான்.

பிரசங்கம். எல்லாரும் உட்கார்ந்தார்கள். இந்தச் சாமியார் திண்டுக்கல் பக்கம், கடல் பார்க்காமல் வளர்ந்தவர், நல்ல மனுஷன், ஞாயிற்றுக்கிழமை என்பது கடவுளுக்குக் கொடுத்த நாள், கடவுளே வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்த நாள், அன்றைக்கு உடம்பும் ஆத்துமாவும் சேர்ந்து மூச்சு விடட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூச்சு விடட்டும். கம்பெனியில் கம்ப்ரசர் மூச்சு விட்டதே கிடையாது, அது நின்றால் ஐஸ் நிற்கும், ஐஸ் நின்றால் ஞாயிறு ராத்திரி மணி அடித்த பிறகு இறங்குகிற வள்ளங்களுக்கு ஐஸ் இருக்காது, அதனால் எல்லாரும் ஓய்வெடுக்கிற ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கே கஸ்பார் எழுந்து போய்க் கேன்களில் தண்ணீர் ரொப்ப வேண்டும். அதைக் கண்டேன் என்று எவனும் எழுந்து நிற்பதில்லை. ஓய்வு என்பது வள்ளம் வைத்திருக்கிறவனுக்கு. அவனுக்கும் வள்ளம் இருந்தது. அயினி மரம், அப்பா வைத்த வள்ளம், சித்திரை வெயிலில் நாற்பது நாள் குப்புறக் கிடந்தது, தினமும் சாயங்காலம் போய் ஈரச் சாக்கு போடப் பார்த்தான், தொடக்கூடாது என்று கமிட்டி ஆள் தடுத்தான், நாற்பத்தோராவது நாள் நிமிர்த்தியபோது பலகைச் சந்துகளில் வானம் தெரிந்தது. தஸ்நேவிஸின் வள்ளம் பைபர். வெயிலில் வெடிக்காது. நாற்பது நாள் கழித்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு இறக்கிவிடுவார். சரி, வெடிக்காவிட்டால் போகிறது, இது நெத்திலிப் பருவம், எல்லா வள்ளமும் போகும், அவருடையது மட்டும் கிடக்கும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே தலைவர் கோயிலுக்கு நடக்கட்டும். அதுவும் கேள்வி கேட்கிறவரே மாட்டிக்கொண்டார் என்றால். நினைக்க நினைக்க இனித்தது. இனிப்பதற்கு நடுவில் ஒரு முள், மீன் இருந்ததா. இருட்டு. முழு இருட்டு இல்லை, வெளுத்திருந்தது. தார்ப்பாயை இழுத்து மூடினார்களே, ஒன்றும் இல்லாமலா மூடுவார்கள். கூடை இறக்கவில்லையே. வலை அள்ளும்போது ஒரு மினுக்கம் வேண்டாமா. வெறும் வலையை அள்ளுகிற கையும் மீன் வலையை அள்ளுகிற கையும் வேறு வேறாக வளையும் என்று இந்தக் கரையில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவன் அதைப் பார்த்தானா, பார்க்கவில்லை, பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். கேள்வியில் மீன் கிடையாது, கேள்வியில் வள்ளம்தான். வள்ளம் கண்டேன். பொய் இல்லை. உங்க அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா என்று சண்டை வந்தபோதெல்லாம் பிரகாசி ஒரே பதில்தான் சொல்வாள். "எங்கண்ணன் செஞ்சது எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா பொய் சொல்லல." இன்றைக்கு அவளுக்கும் அதையே திருப்பிச் சொல்லலாம்.

ஒரு வருஷம் கழித்து, அவன் வள்ளம் வெடித்து விறகாகி, அவன் ஐஸ் கம்பெனியில் சேர்ந்த பிறகு, சட்டம் இளகிற்று. வலை அறுத்துக்கொண்டு போனால் எடுக்கப் போகலாம், மீன் இறக்கக்கூடாது, இறக்கவில்லை என்று அந்த வள்ளத்தில் ஏறாத ஒருவர் கோயிலில் சொல்ல வேண்டும். கொண்டுவந்தவர் தஸ்நேவிஸ். பாத்தியா, உனக்காகத்தான் மனசு கேக்காம மாத்தியிருக்காரு என்று நாலு பேர் வந்து சொன்னார்கள், புண்ணில் உப்பு வைத்துவிட்டு விசிறிவிட வருகிற மாதிரி. அந்த இளக்கத்தில் இன்றைக்கு அவரே நுழைந்து தப்பிக்கப் பார்ப்பார். பார்க்கட்டும், யார் சாட்சி. மகன் சாட்சி செல்லாது, அவன் வள்ளத்தில் இருந்தான். கரையில் வேறு ஒரு காக்கை கிடையாது. ஆக எல்லாம் சரி. ஒன்றைத் தவிர, அதை யோசிக்க மாட்டேன் என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது இப்போது காணிக்கைப் பாட்டோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றது. கண்டேன் என்று சொல்கிற வாய், குற்றமோ விடுதலையோ, அன்றைய பூசையில் நன்மை வாங்கிய வாயாக இருக்க வேண்டும். பகையில் எவனும் எழும்பிவிடக்கூடாது என்று யாரோ பழைய சாமியார் வைத்த வேலி. கஸ்பார் நன்மை வாங்கிப் பதினோரு வருஷம். பூசைக்கு வருவான், உட்காருவான், எல்லாரும் வரிசையில் போகும்போது முழங்காலை ஒதுக்கி வழிவிடுவான். பகையோடு வாங்கினால் சாவான பாவம், நாக்கில் தீயை வைத்துக்கொள்வது போல என்று சின்ன வயசில் உபதேசியார் சொன்னது இன்னும் முதுகுத் தண்டில் இருக்கிறது. பூசைக்கு முன்னால் சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் இருந்தார், ஐந்தாறு பேர் வரிசையில் நின்றார்கள், கஸ்பாரும் போய் நின்றான். நிற்கும்போதே புத்தி கேட்டது, உள்ளே போய் என்ன சொல்வாய். பகை இருக்கிறது சாமி என்றால் விட்டுவிடு என்பார். விடுகிறேன் என்று சொன்னால்தான் பாவமன்னிப்பு. விட்டுவிட்டால் அப்புறம் எதற்காக எழுந்து நிற்பது. விடாமலே விட்டேன் என்றால் அது இன்னொரு பாவம். இப்படியும் பூட்டு, அப்படியும் பூட்டு. அவன் முறைக்கு முன்னால் ஒரு கிழவி இருக்கும்போது வரிசையை விட்டு நழுவி பெஞ்சுக்கு வந்துவிட்டான்.

அப்புறம் அந்த டீ. ஆறு பத்துக்குக் குடித்தது. நன்மைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாயில் எதுவும் படக்கூடாது. கோயில் கடிகாரம் ஏழு ஐந்து. சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுப்பம் முடிய ஏழேகால், பரலோக மந்திரம், சமாதானம், வரிசை நகர்ந்து அவனிடம் வர ஏழு இருபத்தைந்து. ஒரு மணி நேரம் தாண்டிவிடும். கணக்குச் சரியாக வந்ததும் அவனுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது, நெஞ்சில் கொலைகாரன் மாதிரி ஒருத்தனைக் குத்தவைத்துக்கொண்டு டீக்கு மணி பார்க்கிறான். ஆனாலும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டான், ஏழு ஆறு. முழங்காலில் நின்றான். மணி கிணுகிணுத்தது, தலைகள் குனிந்தன, குனிந்த தலைகளுக்கு மேலாக ஈரப் பிடரி. தான் மட்டும் தலை குனியவில்லை என்பதை அப்புறம்தான் கவனித்தான். நாக்கில் தீ. அப்படி எல்லாம் ஒன்றும் நடக்காது, எத்தனை பேர் எத்தனை பாவத்தோடு வாங்குகிறார்கள், பெஞ்சுக்குத் திரும்பி வரும்போது யாருடைய வாயிலும் புகை வருவதில்லை. பரலோக மந்திரத்தில் மன்னிப்பதைச் சொல்கிற வரி வந்தது, வழக்கம்போல வாயை மூடிக்கொண்டான். பதினோரு வருஷமாக அந்த ஒரு வரிக்கு மட்டும் அவன் வாய் திறப்பதில்லை, அதில் ஒரு நேர்மை இருக்கிறதாக நினைத்து வந்தான், இன்றைக்கு அந்த நேர்மையையும் சேர்த்துத்தான் விற்கப்போகிறான். சமாதானம் சொல்லிக்கொள்ளச் சொன்னார் சாமியார். எல்லாரும் இடமும் வலமும் திரும்பிக் கைகூப்பினார்கள். தொம்மை அவனுக்குக் கைகூப்பினார். முன்னால் தஸ்நேவிஸ் முழுசாகத் திரும்பினார், நாலு வரிசை தாண்டித் தேடினார், தேடினது தன்னைத்தான் என்று கஸ்பாருக்கு நெற்றியில் அடித்த மாதிரி தெரிந்தது. கைகூப்பினார். பின்வாசலில் அவன் நின்றதைப் பார்த்துவிட்டாரா. பார்த்தால் பயம் இருக்க வேண்டுமே, அந்த முகத்தில் இருந்தது பயம் இல்லை, என்னவென்று பிடிபடவும் இல்லை. கஸ்பாரின் கைகள் தாமாகவே பாதிவரை வந்தன, வந்ததைச் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதாக மாற்றிக்கொண்டான்.

வரிசை நகர்ந்தது. அவன் எழுந்ததும் தொம்மை வழக்கம்போல முழங்காலை மடக்கிக்கொண்டு, "எங்கப்பா, வெளிக்கா?" என்றார். "நன்மைக்கு." தொம்மை கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப இன்னைக்கு மழைதான்." நடுவழியில் நின்றபோது பெண்கள் வரிசை எதிரே வந்தது, அதில் பிரகாசி. அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், பின்னால் வந்தவள் இடித்த பிறகுதான் நகர்ந்தாள், சேலைத்தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள், கண் நிறைந்துவிட்டது. ஐயோ, இவள் வேறு. இவள் என்ன நினைக்கிறாள், பதினோரு வருஷம் இவள் செய்த செபம் எல்லாம் இப்போது பலித்துவிட்டதென்று நினைக்கிறாள். திரும்பிப் போய்விடலாமா. முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். கால் குளிர் இப்போது முழங்காலுக்கு ஏறியது. கிறிஸ்துவின் உடல் என்றார் சாமியார், அவனைப் பார்த்து ஒரு கணம் கூடுதலாக நிறுத்திச் சொன்னார். ஆமென் என்றது வாய். நாக்கில் வைத்தார். தீ இல்லை, ஒன்றும் இல்லை, காகிதம் மாதிரி லேசாக மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். பெஞ்சுக்கு வந்து முழங்காலில் விழுந்து நாக்கால் அதைத் தள்ளினான், நகரவில்லை, வாயில் எச்சில் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை பார், ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் உள்ளே எதுவோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தது, ராத்திரி கம்ப்ரசர் சத்தம் மாறினால் தூக்கத்திலும் தெரிகிற மாதிரி, எந்தச் சத்தம் மாறப்போகிறது என்று.

தஸ்நேவிஸ் மைக்குக்குப் போனார். பிள்ளைகளின் மறைக்கல்வி பத்து மணிக்கு என்றார், புதன்கிழமை அன்பியக் கூட்டம் யார் வீட்டில் என்றார். பிறகு கேட்டார், இந்த ஓய்வுநாளில் கடலில் வள்ளம் கண்டவர் உண்டா. கஸ்பாரின் தொடைகள் இறுகின. பெஞ்சின் முன்பலகையில் கை ஊன்றினான். மேலண்ணத்தில் ஒட்டினது இன்னும் போகவில்லை, விழுங்கிவிட்டு எழும்பலாம் என்று ஒரு கணம், அந்த ஒரு கணம்தான். "கேக்க வேண்டியவனே சொல்லணும்," என்றார் தஸ்நேவிஸ், "இன்னைக்குக் கடல்ல கெடந்தது என் வள்ளம்." கோயில் அப்படியே நின்றது, வாசலுக்கு நழுவிய பிள்ளைகள்கூட நின்றன. "வலை நங்கூரம் அறுத்துட்டுப் போச்சு. நானும் ரொமால்டும் போயி இழுத்துட்டு வந்தோம். மீன் எறக்கல. சட்டப்படி வள்ளத்துல ஏறாத ஒரு ஆளு சொல்லணும். கரையில நின்னது எங்க மாப்ள கஸ்பார். கம்பெனிப் பின்வாசல்ல நின்னு பாத்தாரு. அவர்ட்ட கேளுங்க." சொல்லிவிட்டு அவனைப் பார்த்தார். குரல் லேசாக உடைந்தது. "நன்மையும் வாங்கியிருக்காரு. எனக்காகத்தான்னு எனக்குத் தெரியும்." முதலில் கஸ்பாருக்கு எதுவும் புரியவில்லை, புரிந்தபோது கொள்ளை போனவனின் ஆத்திரம்தான் வந்தது. பறித்துக்கொண்டார். பதினோரு வருஷமாக அவன் வைத்திருந்த ஒரே சொல்லை மைக்கில் வைத்தே பறித்துக்கொண்டு, அதைக் கழுவி, பூ வைத்து, அவன் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறார், இந்தா, சொல்லு என்று. இப்போது கண்டேன் என்றால் அவர் விடுதலை. நல்லவராகவே விடுதலை. ஊரே சொல்லும், தானே ஒப்புக்கொண்டார் பார், மாப்பிள்ளையும் பகை மறந்தான் பார் என்று, வெளியே படியில் நிறுத்திப் போட்டோகூட எடுப்பார்கள். சாமியார் பீடத்திலிருந்து இறங்கி இரண்டு அடி வந்து மெதுவாகக் கேட்டார், "கஸ்பார், நீங்க பாத்தீங்களா?" தலைகள் எல்லாம் திரும்பின. பெண்கள் பக்கத்தில் பிரகாசி தலைப்பை வாயிலிருந்து எடுத்திருந்தாள். பார்த்தான். வெறும் வலையை அள்ளுகிற கையைப் பார்த்தான், ஒரு மினுக்கம் இல்லாததைப் பார்த்தான், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான், கண்ணை மூடினால் இப்போதும் தெரிகிறது, தஸ்நேவிஸ் இடது கையால் வலையை வாரும்போது அது காற்று மாதிரி எழும்பினது. சொல்லிவிடு. எடை சொல்கிற மாதிரி சொல்லிவிடு. எங்கண்ணன் பொய் சொல்லல. அப்பா வைத்த வள்ளத்தின் சந்தில் வானம். தகப்பன் இடத்தில் சிரிப்பு. கஸ்பார் எழுந்து நின்றான். "நான் ஒண்ணும் காணல சாமி," என்றான். சொன்னபோது குரலில் கரகரப்பே இல்லை. உட்கார்ந்தான். வாயில் ஒட்டினது எப்போது கரைந்து போனதென்று தெரியவில்லை.

மீன் இறக்கவில்லை என்று சொல்லச் சாட்சி இல்லை, ஆகவே கவிழ்ப்பு. அதற்கு ஆள் பன்னிரண்டு பேராவது வேண்டும், பூசை முடிந்த கையோடு செய்துவிட வேண்டும். கொடிமரத்துக்கு எதிரே வள்ளத்தை உருட்டிக் கொண்டுவந்தார்கள், மோட்டாரைக் கழற்றினார்கள், வலையை வெளியே எடுத்துப் போட்டார்கள், அதில் பாசியும் இரண்டு சிப்பியும் தவிர எதுவும் இல்லை, ஆனால் கோயிலில் சொன்னதுதான் சாட்சி, மணலில் கிடப்பது சாட்சி இல்லை. வெயில் ஏறிவிட்டது. தூங்கப் போயிருக்க வேண்டிய நேரம். "கஸ்பாரு, சும்மா நிக்கியே, ஒரு தோள் குடு," என்று தொம்மை கூப்பிட்டார், கூப்பிட்ட குரலில் வேறு எதுவும் இருந்ததா என்று கஸ்பார் தேடிப் பார்த்தான், தேடுவது ஒன்றுதான் இனிமேல் வேலை போலும் என்று பட்டது. போய் விளிம்பைப் பிடித்தான். பக்கத்தில் வந்து பிடித்தவர் தஸ்நேவிஸ், சொந்தக்காரன் தோள் படாமல் கவிழ்க்கக்கூடாது. வெள்ளைச் சட்டையில் வள்ளத்தின் நீலச் சாயம் அப்பியது. பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சாகத் தூக்கினார்கள், வள்ளம் ஒருக்களித்து, விலாவில் நின்று, ஒரு கணம் எந்தப் பக்கம் போவதென்று யோசித்தது. இதைத்தானே கேட்டாய், இந்தா, இதுதான், நன்றாகப் பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான், இனிப்பு வரட்டும் என்று காத்திருந்தான், கையில் ஐஸைப் பிடித்தவனுக்கு வருகிற மரப்புதான் வந்தது. வள்ளம் சாயத் தொடங்கியது. "மாப்ள," என்றார் தஸ்நேவிஸ், அவன் பக்கம் திரும்பாமலே, "வெரல எடுங்க, நசுங்கிரும்." கஸ்பார் விரலை எடுத்தான். வள்ளம் குப்புற விழுந்தது, மணல் மேலெழும்பி எல்லார் முகத்திலும் அடித்தது. ஆட்கள் கையைத் தட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக் கறிக்குப் போனார்கள். தஸ்நேவிஸ் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நாற்பது நாளுக்குள் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வரும், ஐந்து தடவையும் அதே மனுஷர் மைக்கில் வந்து கண்டவர் உண்டா என்று கேட்பார், கஸ்பார் அதே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற பாதையில் பிரகாசி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். அவன் வேகமாக நடக்கவில்லை, அவளும் நிற்கவில்லை.